லினக்சிற்கு மாறுதல்

லினக்சிற்கு மாறுதல் என்பது, விண்டோஸ் போன்ற வணிக இயக்குதளம் ஒன்றில் பழகிய கணினிப் பயனர் தம் அன்றாடப் பணிகளை லினக்ஸ் இயக்குதளத்திற்கு மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். புதிய இயக்குதளத்தை வன்தட்டில் நிறுவுதல் இதன் ஒரு பகுதி மட்டுமே ஆகும். பழைய கோப்புகளைக் கொண்டுசெல்லுதல், இணையான மென்பொருட்களைக் கண்டறிதல், தமிழ் உள்ளிடும் முறையை அமைத்தல், அச்சுப்பொறி முதலிய கருவிகளை இயங்கச் செய்தல், புதிய பழக்கங்களைக் கற்றல் ஆகியனவும் இதில் அடங்கும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 1990களின் இறுதி முதல் பயனர் குழுக்களும், 2000களின் நடுப்பகுதி முதல் அரசு நிறுவனங்களும் இம்மாற்றத்திற்கு உதவி வந்துள்ளன. நிறுவலுக்குப் பின்னர் கிடைக்கும் உதவியே மாற்றம் நிலைப்பதையும் நிலைக்காமற் போவதையும் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை இம்முயற்சிகளின் வரலாறு காட்டுகிறது.

பின்னணி

1983 ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். எவரும் பயன்படுத்தவும், படித்தறியவும், மாற்றவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள ஓர் இயக்குதளத்தை உருவாக்குவது அதன் நோக்கமாகும். 1991 இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருனியை வெளியிட்டார். இக்கருனியும் குனூ கருவிகளும் இணைந்து உருவான இயக்குதளம் குனூ/லினக்ஸ் என்றும், சுருக்கமாக லினக்ஸ் என்றும் அழைக்கப்படுகிறது.

கருனி, கருவிகள், பணிச்சூழல், பயன்பாட்டு மென்பொருட்கள் ஆகியவற்றை ஒன்றாகத் தொகுத்து வெளியிடப்படும் வடிவம் வழங்கல் எனப்படும். டெபியன், பெடோரா, உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஓப்பன் சுசே ஆகியன பரவலாக அறியப்பட்ட வழங்கல்கள். விண்டோசில் இயக்குதளம் ஒன்றே. லினக்சில் வழங்கல்கள் பல. புதியவர்கள் முதலில் குழம்பும் இடங்களுள் இதுவும் ஒன்று.

மாறுவதற்கான காரணங்கள்

பயனர்கள் லினக்சிற்கு மாறுவதற்குப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் முதன்மையானவை:

• செலவு: பெரும்பாலான வழங்கல்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. பல கணினிகளை வாங்கும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் இது முக்கியமானது.
• சட்டப்பூர்வப் பயன்பாடு: உரிமமின்றிப் படியெடுக்கப்பட்ட வணிக மென்பொருளைப் பயன்படுத்துவது குற்றமாகும். கட்டற்ற மென்பொருளைப் படியெடுத்துத் தருவதற்கு அதன் உரிமமே இடமளிக்கிறது.
• பழைய கணினிகளின் ஆயுள்: விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவுற்றன. விண்டோஸ் 11 குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலிகளையும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் எதிர்பார்க்கிறது. இவை இல்லாத கணினிகளிலும் லினக்ஸ் நிறுவலாம்.
• கல்வி: மூல நிரல் திறந்திருப்பதால், இயக்குதளம் செயற்படும் விதத்தை மாணவர்கள் நேரடியாக ஆராய முடிகிறது.
• மொழி: வணிக நிறுவனம் ஒன்றின் முடிவுக்குக் காத்திராமல், தன்னார்வலர்களே இடைமுகத்தைத் தமிழாக்கம் செய்ய முடிகிறது.

வரலாறு

பயனர் குழுக்கள்

சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழு 1998 இல் தொடங்கப்பட்டது. இக்குழுவின் மாதாந்தரக் கூட்டங்கள் நெடுங்காலம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெற்றன. அக்காலத்தில் வீடுகளில் இணைய இணைப்பு அரிது. இருந்த இணைப்பும் தொலைபேசிவழி மெதுவான இணைப்பே. எனவே வழங்கல்கள் குறுந்தகடுகளாகக் கைமாறின. 2003 இல் தொடங்கிய ‘லினக்ஸ் ஃபார் யூ’ என்னும் ஆங்கில இதழ் தன்னுடன் வழங்கல்களின் குறுவட்டுகளை இணைத்து வெளியிட்டது. உபுண்டு திட்டம் 2005 முதல் 2011 வரை, கேட்போர் முகவரிக்குக் கட்டணமின்றிக் குறுந்தகடுகளை அஞ்சலில் அனுப்பியது.

அன்றைய புதியவர்கள் எதிர்கொண்ட முதல் தடை பெரும்பாலும் மோடம் ஆகும். கணினிக்குள் பொருத்தப்பட்ட மலிவான மோடம்கள் பல, தம் பணியின் பெரும்பகுதியை விண்டோசிற்கென எழுதப்பட்ட இயக்கி மென்பொருளிடம் விட்டன. லினக்ஸ் நிறுவியவுடன் அவை செயலிழந்தன. தீர்வை இணையத்தில் தேடவேண்டும்; ஆனால் இணையத்தில் நுழைய மோடம் வேண்டும். இச்சிக்கலிலிருந்து விடுபடப் பயனர் குழுவினரின் நேரடி உதவி இன்றியமையாததாக இருந்தது. நிறுவல் விழா எனப்படும் நிகழ்வுகள் இத்தேவையை நிறைவு செய்தன. அவற்றிற்குப் புதியவர்கள் தம் கணினியை எடுத்துவருவர். அனுபவமுள்ளோர் உடனிருந்து நிறுவ உதவுவர்.

அரசு முயற்சிகள்

சென்னையிலுள்ள உயர் கணிமை மேம்பாட்டு மையமும் (சி-டாக்) அண்ணா பல்கலைக்கழகத்தின் கேபிசி ஆய்வு மையமும் இணைந்து, கட்டற்ற திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005 இல் தொடங்கின. இதன் பயனாக, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007 இல் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான ஆதரவு இவ்வழங்கலின் சிறப்புக்கூறு ஆகும்.

தமிழ்நாடு மின்னணு நிறுவனம் (எல்காட்), சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளைச் சுசே லினக்சிற்கும் ஓப்பன் ஆபிசிற்கும் மாற்றியது. 2007 ஆம் ஆண்டளவில், அரசுப் பள்ளிகளுக்கான கணினிக் கொள்முதலிலும் லினக்சிற்கு முதன்மை அளித்தது. இந்தியாவில் மாநில அரசு நிறுவனம் ஒன்று மேற்கொண்ட குறிப்பிடத்தக்க லினக்ஸ் மாற்றங்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அம்மடிக்கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் இரட்டைத் துவக்க முறையில் நிறுவப்பட்டிருந்தன. இதனால் லினக்ஸ் பெருந்தொகையான மாணவர் இல்லங்களைச் சென்றடைந்தது. எனினும் இரண்டு இயக்குதளங்கள் அருகருகே இருக்கும்போது, பயிற்சி பெறாத பயனர் தமக்கும் தம் நண்பர்களுக்கும் தெரிந்ததையே தெரிவு செய்வது இயல்பு. கணினியில் லினக்ஸ் இருப்பதும் பயனர் லினக்சிற்கு மாறுவதும் வேறு வேறு என்பதற்கு இத்திட்டம் எடுத்துக்காட்டாகும்.

அண்டை மாநிலமான கேரளத்தில் வேறு வழி பின்பற்றப்பட்டது. 2001 இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம், படிப்படியாகப் பள்ளிக் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடநூல், தேர்வு ஆகிய மூன்றும் ஒரே இயக்குதளத்தைச் சார்ந்து அமைந்தன. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கும் நிலையை நோக்கி அத்திட்டம் நகர்ந்தது. 2017 இல் இத்திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது.

புதுச்சேரியும் சுற்றுப்புறமும்

புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் என்னும் தன்னார்வ அமைப்பு, மாணவர்களிடையே லினக்ஸ் பயன்பாட்டைப் பரப்பி வருகிறது. அருகிலுள்ள விழுப்புரத்தில் குனூ/லினக்ஸ் பயனர் குழு 2013 முதல் இயங்குகிறது. பெருநகரங்களுக்கு வெளியே, ஊர்ப்புற மாணவர்களை மையமாகக் கொண்டு இயங்குவது அக்குழுவின் தனித்தன்மை. 2023 சனவரியில் டெபியன் பயனர்களின் சிறு மாநாடு விழுப்புரத்தில் நடைபெற்றது.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி நகரில் பிரெஞ்சு மொழியின் பயன்பாடு இன்றும் தொடர்கிறது. எனவே இங்குள்ள பயனர் சிலருக்குத் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்றையும் ஒரே கணினியில் தட்டச்சு செய்யவேண்டிய தேவை உண்டு. லினக்ஸ் பணிச்சூழல்களில் ஒன்றுக்கு மேற்பட்ட விசைப்பலகை அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு, ஒரு விசைக்கூட்டின் மூலம் மாறி மாறிப் பயன்படுத்தலாம். ஆங்கில விசைப்பலகையிலேயே பழகியவர்கள், கூட்டு விசை என்னும் வசதியை இயக்கி, பிரெஞ்சு மொழியின் குறியிட்ட எழுத்துகளை இரண்டு மூன்று விசைகளை அடுத்தடுத்து அழுத்திப் பெறலாம்.

மாறும் முறை

ஆயத்தம்

முதற்பணி, பயனர் தம் கணினியில் நாள்தோறும் செய்யும் வேலைகளைப் பட்டியலிடுவதாகும். பட்டியலிலுள்ள ஒவ்வொரு வேலைக்கும் லினக்சில் வழி உள்ளதா என்பதை முன்கூட்டியே அறிய வேண்டும். பல கட்டற்ற மென்பொருட்கள் விண்டோசிலும் இயங்குவதால், இயக்குதளத்தை மாற்றும் முன்னரே அவற்றில் பழகிக்கொள்ளலாம். பொதுவான இணைகள் வருமாறு:

• எம்.எஸ். ஆபிஸ்: லிப்ரே ஆபிஸ் (2010 இல் ஓப்பன் ஆபிசிலிருந்து பிரிந்தது)
• அவுட்லுக்: தண்டர்பேர்டு
• போட்டோசாப்: கிம்ப், கிருத்தா
• கோரல் டிரா: இங்க்ஸ்கேப்
• பேஜ்மேக்கர்: ஸ்கிரைபஸ்
• விண்டோஸ் மீடியா பிளேயர்: வி.எல்.சி.
• டாலி: குனூகாத்தா (எல்லா வசதிகளிலும் முழுமையான இணை அன்று)

அடுத்து, கோப்புகள் அனைத்தையும் வெளி வன்தட்டு ஒன்றில் காப்புநகல் எடுக்க வேண்டும். நகலெடுத்த கோப்புகள் சிலவற்றை வேறு கணினியில் திறந்து பார்த்து உறுதிசெய்வது நல்லது. விண்டோஸ் வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

2000 இல் வெளிவந்த நாப்பிக்ஸ் வழங்கல், வன்தட்டில் எதையும் நிறுவாமல் குறுந்தகட்டிலிருந்தே இயங்கும் முறையைப் பரவலாக்கியது. தற்போது இதே வசதி பென் டிரைவ் மூலம் பெரும்பாலான வழங்கல்களில் கிடைக்கிறது. இவ்வாறு இயக்கும்போது கம்பியில்லா இணைப்பு, ஒலி, அச்சுப்பொறி, ஒளிப்படக்கருவி ஆகியவை செயற்படுகின்றனவா எனச் சோதிக்கலாம். இச்சோதனையில் ஒரு கருவி இயங்காவிடில், நிறுவிய பின்னரும் அது தானாக இயங்கும் என எதிர்பார்க்க இயலாது.

இரட்டைத் துவக்கம்

ஒரே கணினியில் இரு இயக்குதளங்களை வைத்துக்கொண்டு, தொடங்கும்போது ஒன்றைத் தெரிவு செய்யும் முறை இரட்டைத் துவக்கம் எனப்படும். லினக்சில் இன்னும் வழி கிடைக்காத வேலை உள்ளவர்களுக்கு இது ஏற்றது. இம்முறையில் இரண்டு சிக்கல்கள் அடிக்கடி எழுகின்றன.

முதலாவது, விண்டோசின் விரைவுத் துவக்க வசதி இயக்கத்தில் இருந்தால், கணினியை அணைத்த பின்னரும் விண்டோஸ் வன்தட்டுப் பகுதி முழுமையாக மூடப்படுவதில்லை. இதனால் லினக்சிலிருந்து அப்பகுதியில் கோப்புகளைச் சேமிக்க முடியாமற் போகலாம். இவ்வசதியை விண்டோசில் முடக்கிவிட்டால் சிக்கல் தீரும்.

இரண்டாவது, கடிகாரம். லினக்ஸ் வழங்கல்கள் பொதுவாகக் கணினியின் உட்கடிகாரத்தில் உலக நேரத்தைப் பதிகின்றன. விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. எனவே இந்தியாவில், லினக்சைப் பயன்படுத்திவிட்டு விண்டோசிற்குத் திரும்பும் பயனர், கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பின்தங்கியிருப்பதைக் காண்பர். இது பழுது அன்று. இரு இயக்குதளங்களும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுமாறு அமைத்தால் போதும்.

புதிய பழக்கங்கள்

லினக்சில் மென்பொருட்கள் பொதிகளாக, வழங்கலின் களஞ்சியத்திலிருந்து நிறுவப்படுகின்றன. இணையத்தளந்தோறும் சென்று நிறுவியைத் தேடித் தரவிறக்கும் விண்டோஸ் பழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட வேண்டும். சி, டி என்னும் எழுத்துகளால் குறிக்கப்படும் வட்டுகள் இங்கு இல்லை. எல்லாக் கோப்புறைகளும் ஒரே மூலக் கோப்புறையின் கீழ் அமைகின்றன. கோப்புப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும். முனையத்தில் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தோன்றாது இருப்பது வழக்கம். விசைப்பலகை பழுதாகிவிட்டதெனப் பலர் அஞ்சும் தருணம் இது.

தமிழ்ப் பயன்பாடு

தமிழ்ப் பயனர்களைப் பொறுத்தவரை, மாற்றத்தின் வெற்றி தமிழ்த் தட்டச்சைச் சார்ந்துள்ளது. விண்டோசில் புழங்கிய எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகியன லினக்சிற்கென உருவாக்கப்பட்டவை அல்ல. லினக்சில் முன்னர் ஸ்கிம் என்னும் உள்ளிடு பொறியும், பின்னர் ஐபஸ், எப்சிடிக்ஸ் ஆகியனவும் பயன்பாட்டிற்கு வந்தன. இவற்றில் தமிழ்99, தட்டச்சுப்பொறி முறை, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு முறை ஆகிய விசைப்பலகை அமைப்புகள் கிடைக்கின்றன. தமிழ்99 என்பது 1999 இல் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்ட அமைப்பாகும். தட்டச்சுப் பயிலகத்தில் பயின்ற அலுவலர் ஒருவருக்குத் தட்டச்சுப்பொறி முறையையும், ஆங்கில எழுத்துகளைக் கொண்டு தமிழ் எழுதிப் பழகியவருக்கு ஒலிபெயர்ப்பு முறையையும் அமைத்துத் தருவது பொருத்தமாகும். விரல்களின் பழக்கத்தையும் இயக்குதளத்தையும் ஒரே நாளில் மாற்ற முற்படுவது பெரும்பாலும் பயனளிப்பதில்லை.

பழைய ஆவணங்கள் மற்றுமொரு சிக்கலாகும். ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் வானவில், பாமினி முதலிய எழுத்துருக்களில் உருவாக்கப்பட்ட ஆவணங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். லினக்ஸ் கோப்பைக் கெடுத்துவிட்டது எனப் புதியவர் கருதக்கூடும். உண்மையில், அவ்வெழுத்துரு இல்லாத விண்டோஸ் கணினியிலும் அவை அவ்வாறே தோன்றும். எழுத்துரு மாற்றி கொண்டு இவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவதே நிலையான தீர்வு. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

கேடியீ, குனோம் ஆகிய பணிச்சூழல்களின் இடைமுகங்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கம் செய்துள்ளனர். ஆங்கில இடைமுகத்தில் நன்கு பழகியவர்களுக்கு ‘கோப்பு’, ‘தொகு’ முதலிய சொற்கள் தொடக்கத்தில் தடுமாற்றம் தரலாம். முதன்முதலாகக் கணினி கற்போருக்கு அத்தடுமாற்றம் இல்லை. 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருட்கள் பற்றிய கட்டுரைகளையும் நூல்களையும் தமிழில் வெளியிட்டு வருகிறது.

புதியவர்களுக்கு உதவுதல்

புதியவர்களுக்கு உதவும்போது பின்வருவன கருத்திற் கொள்ளத் தக்கவை:

• உதவுபவர் தமக்கு நன்கு தெரிந்த வழங்கலையே பரிந்துரைத்தல். ஐயம் எழும்போது விடை சொல்ல ஆள் இருப்பது, வழங்கலின் சிறப்புகளைவிட முக்கியமானது.
• விசைப்பலகையைப் புதியவர் கையிலேயே விடுதல். உதவுபவரே விரைந்து தட்டி முடித்தால் சிக்கல் தீரும். ஆனால் புதியவர் எதையும் கற்பதில்லை.
• முதல் நாளிலேயே அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு, இணைய இணைப்பு, ஒலி ஆகியவற்றைச் சரிபார்த்தல். 2000களில் உரிமக் காரணங்களால் எம்.பி.3 பாடல்கள் பல வழங்கல்களில் உடனே ஒலிக்கவில்லை. பாட்டு வராத கணினி பழுதான கணினியாகவே பலருக்குத் தோன்றியது. அக்காப்புரிமைகள் 2017 இல் முடிவடைந்தன.
• முனையக் கட்டளைகளைத் தேவை ஏற்படும்போது மட்டும் அறிமுகப்படுத்துதல். இடும் கட்டளையின் பொருளை விளக்குதல்.
• பிழைச்செய்தியைச் சொல் மாறாமல் குறித்துவைக்கப் பழக்குதல். ‘வேலை செய்யவில்லை’ என்னும் கூற்றைக் கொண்டு எவரும் தீர்வு காண இயலாது.
• கையேட்டைப் படிக்குமாறு கடிந்து திருப்பி அனுப்பாதிருத்தல்.
• ஒரு வாரம் கழித்து மீண்டும் தொடர்புகொள்ளுதல். பெரும்பாலான ஐயங்கள் நிறுவிய நாளில் அல்லாமல், முதல் முறை ஒரு வேலை தடைப்படும் நாளிலேயே எழுகின்றன.

இடர்ப்பாடுகள்

எல்லாப் பயனர்களுக்கும் முழு மாற்றம் இயல்வதில்லை. டாலி போன்ற கணக்கியல் மென்பொருளையோ, விண்டோசிற்கென மட்டும் உருவாக்கப்பட்ட துறைசார் மென்பொருளையோ நம்பியுள்ளவர்கள் இரட்டைத் துவக்கத்தையோ மெய்நிகர் கணினியையோ நாட வேண்டியுள்ளது. ஒயின் என்னும் மென்பொருள் விண்டோஸ் பயன்பாடுகள் சிலவற்றை லினக்சில் இயக்கும், எல்லாவற்றையும் அன்று. சிக்கலான அட்டவணைகளும் நிரல்துணுக்குகளும் கொண்ட எம்.எஸ். ஆபிஸ் ஆவணங்கள் லிப்ரே ஆபிசில் வடிவம் மாறக்கூடும். சில அச்சுப்பொறிகளுக்கும் எண்ணிமக் கையொப்பக் கருவிகளுக்கும் லினக்ஸ் இயக்கிகள் கிடைப்பதில்லை. இவற்றை முன்னரே தெரிவிப்பது, பின்னர் ஏற்படும் ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

பிற நாடுகளில்

பிரான்சின் தேசிய காவற்படையான ஜாந்தார்மரி, மாற்றத்தைப் படிகளாகப் பிரித்தது. 2005 இல் ஓப்பன் ஆபிசிற்கும், 2006 இல் பயர்பாக்ஸ், தண்டர்பேர்டு ஆகியவற்றிற்கும் மாறியது. இவை அனைத்தும் விண்டோசிலேயே நிகழ்ந்தன. அலுவலர்கள் இம்மென்பொருட்களில் பழகிய பின்னர், 2008 இல் உபுண்டுவிற்கு மாறும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2013 அளவில் சுமார் 37,000 கணினிகள் மாற்றப்பட்டிருந்தன.

செருமனியின் மியூனிக் நகராட்சி, லிமக்ஸ் என்னும் தன் திட்டத்தின் வழி ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்சிற்கு மாற்றி, 2013 இல் பணி நிறைவுற்றதாக அறிவித்தது. ஆனால் 2017 இல் விண்டோசிற்குத் திரும்ப நகர மன்றம் முடிவு செய்தது. தொழில்நுட்ப அளவில் முடிந்துவிட்ட மாற்றமும், நிருவாகத்தின் தொடர்ந்த ஆதரவு இல்லாவிடில் நிலைப்பதில்லை என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

• கட்டற்ற மென்பொருள்
• குனூ திட்டம்
• பாஸ் லினக்ஸ்
• உபுண்டு
• தமிழ்99
• தமிழ் ஒருங்குறி